பிரெஞ்சு ஏ1: தமிழ்க் காதோடு படித்தது

புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தபோது என்னிடம் இருந்த புத்தகங்கள் எல்லாமே ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருபவை. டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழியின் தொடக்க நிலைச் சான்றிதழ்) தேர்வு முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தால், எனக்குச் சட்டென்று பிடிபட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போன இடங்கள்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த வழியைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் எல்லோரும் பயப்படும் மூக்கொலி. 'நல்ல' என்பதற்கான சொல்லை 'பொன்' என்று எழுதிக்கொள்கிறோம். ஆனால் கடைசியில் மெய்யெழுத்தே ஒலிக்காது. 'ஒ' என்ற உயிர் மட்டும் மூக்கு வழியாகவும் வரும். இது நமக்குப் புதிதே இல்லை. 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லும்போது நாம் உதட்டை மூடுவதில்லையே? 'மரொ' என்று மூக்கில் விட்டுவிடுகிறோம். 'வந்தான்' என்பதன் கடைசி ஆவும் அப்படித்தான். அதே ஆவை வைத்து 'ஆன்ஃபான்' (குழந்தை) சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். 'அன் பொன் வேன் ப்ளான்', அதாவது நல்ல வெள்ளை ஒயின், என்ற தொடரில் நான்கு மூக்கொலிகளும் இருக்கின்றன. அதைத்தான் போனில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நம்மிடம் இல்லாத ஒலிகளும் உண்டு. 'நீ' என்பதற்கான சொல்லில் வரும் உயிருக்கு, நாக்கை 'இ'யில் வைத்துக்கொண்டு உதட்டை 'உ'வுக்குக் குவிக்க வேண்டும். உதடு குவியும்போது நாக்கு பின்னால் போய்விட்டால் அது 'தூ' ஆகி, 'எல்லாம்' என்ற வேறு சொல்லாகிவிடும். 'நான்' என்பதை 'ஜெ' என்று எழுதினாலும் அது நம் ஜ அல்ல. 'ஷ' சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வருவது. 'ர' பிறப்பது நாக்கு நுனியில் இல்லை, உப்புத்தண்ணீர் கொப்பளிக்கும்போது தொண்டையில் அதிரும் இடத்தில்.

சொல்லின் கடைசி மெய்கள் பெரும்பாலும் ஊமை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். எழுத்தில் கடைசியில் ஒரு 'டி' இருக்கிறது. காதால் கேட்டு எடுத்துக்கொண்ட நம் மக்கள் அதைச் சரியாகவே விட்டுவிட்டார்கள். வினைச்சொற்களிலும் இதே கதைதான். நான், நீ, அவன், அவர்கள் யார் பேசினாலும் எழுத்து மாறும், ஒலி ஒன்றே: 'பார்ல்'. தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்' தேவையில்லை. பிரெஞ்சில் காதுக்கு அந்தக் குறிப்பு கிடைக்காது, அதனால் 'ஜெ' (நான்), 'இல்' (அவன்) எதையும் விட முடியாது. இந்தக் காரணம் புரிந்ததும் எழுவாயை விழுங்கும் பழக்கம் தானாகப் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது புணர்ச்சிதான். அது + என்ன = அதென்ன என்று உகரம் கெடுவதுபோல, 'ல' (ஆண்பால் பெயருக்கு முன் வரும், ஆங்கில 'தி' போன்ற சொல்) + 'அமி' (நண்பன்) = 'லமி'. பன்மையில் 'லே' என்பதன் ஊமை 'எஸ்' அடுத்த உயிரைக் கண்டதும் விழித்து 'லேஃஸமி' ஆகும். 'அவனிடம் இருக்கிறதா' என்று கேட்கும்போது 'ஆ', 'இல்' இரண்டுக்கும் நடுவே ஒரு த் வந்து 'ஆதில்' ஆகிறது. மாவிலையில் வகரம் வருவதும் இதற்குத்தானே! பள்ளியில் புணர்ச்சி படித்தவருக்கு இதெல்லாம் பாதி தெரிந்த பாடம்.

வாக்கிய அமைப்பில் வினை நடுவே வரும்: 'ஜெ வுவா ல ஷா', பூனையைப் பார்க்கிறேன். ஆனால் பூனைக்குப் பதில் 'அதை' என்று சொன்னால் 'ஜெ ல வுவா'. நம் 'நான் அதைப் பார்க்கிறேன்' போலவே வினை கடைசிக்குப் போய்விடுகிறது. எதிர்மறைக்கு 'ந', 'பா' இரண்டும் வினையின் இருபுறமும் நிற்கும்: 'ஜெ ந பார்ல் பா'. பேச்சில் 'ந' பெரும்பாலும் காணாமல் போகும், 'பா'வைக் காதில் பிடித்தால் போதும்.

பால் விஷயத்தில் மட்டும் தமிழ் உதவவில்லை. நமக்குப் பொருளை வைத்துப் பால். அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். 'சியோன்' என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்பதுபோல் சில அடையாளங்கள் உண்டு. மற்றபடி 'தாபிள்' (மேசை) என்று தனியே படிக்காமல், பெண்பாலைக் காட்டும் 'லா'வோடு 'லா தாபிள்' என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. பேசுதலுக்கு 10 நிமிடம் தயாரிப்பு, அப்புறம் 5 முதல் 7 நிமிடம் பேச்சு. அதில் கடைசியாகக் கடையில் பொருள் வாங்குவது போன்ற ஒரு சின்ன உரையாடல் வரும். விலை கேட்பதையும் எண்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 70-ஐ 'அறுபது-பத்து' என்றும், 80-ஐ 'நான்கு-இருபது' என்றும் எண்ணுகிற மொழி அது. அந்த இடத்தில் தயங்காமல் சொல்ல முடிந்தால் மீதி உரையாடல் சுலபமாகப் போய்விடும்.