ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: பிளாட்டினத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்

இருவர் நேருக்கு நேர் மோதும் இந்தச் சண்டை வீடியோ கேமின் ரேங்க் மேட்சில், அதாவது தரவரிசை ஆட்டத்தில், பிளாட்டினம் வரை ஏறியாயிற்று. ரூக்கி, ஐயர்ன், பிரோன்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், மாஸ்டர் என்று படிகள். மாஸ்டரைத் தவிர ஒவ்வொரு படிக்குள்ளும் ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரங்களுக்குள் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இப்போது மாலை நேரம் போகிறது. நான் ஆடும் பாத்திரம் ரியூ, திசைகளை வரிசையாக ஓட்டி ஸ்பெஷல் அடி போடும் கிளாசிக் கண்ட்ரோல், கையில் இருப்பது சாதாரண பிஎஸ்4 கண்ட்ரோலர்.

இதுவரை ஆடிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: இந்த விளையாட்டில் தோற்றால் ஏன் தோற்றோம் என்பது தெரிந்துவிடும், அதுதான் இதன் பெரிய பலம். கார்னரில், அதாவது ஆடுகளத்தின் ஓரச் சுவரில், மாட்டும்போது மட்டும் அந்தக் காரணம் கைக்கு அகப்படாமல் போகிறது. என் எரிச்சல் முக்கால்வாசி அந்த இடத்தில்தான்.

கேப்காம் நிறுவனம் இதை 2023 ஜூன் 2 அன்று வெளியிட்டது. தொடக்கத்தில் 18 பாத்திரங்கள், அப்புறம் வருடா வருடம் நாலு நாலாகச் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது டிரைவ் கேஜ், வித்தைகளுக்குச் செலவாகும் சக்தியைக் காட்டும் பட்டை, ஆறு கட்டம். ஒவ்வொரு ரவுண்டும் அது முழுசாக நிறைந்தே தொடங்கும். பழைய சண்டை விளையாட்டுகளில் கொஞ்சம் அடித்து, கொஞ்சம் அடி வாங்கிச் சேர்த்த பிறகுதான் பெரிய வித்தை எதுவும் செய்ய முடியும். இதிலோ முதலைக் கையில் கொடுத்துவிட்டுக் கடையைத் திற என்கிறார்கள். எதிர் அடியைத் தாங்கிக்கொண்டு அறையும் டிரைவ் இம்பாக்ட்டுக்கு ஒரு கட்டம், பலம் கூட்டிய ஸ்பெஷல் அடியான ஓவர்டிரைவுக்கு இரண்டு, அடித்த அடியை அப்படியே ஓட்டமாக மாற்றுவதற்கு மூன்று. எதிராளியின் அடியைத் தடுத்துக்கொண்டே நின்றாலும் கரையும். முழுக்கத் தீர்ந்தால் பர்ன்அவுட். அந்த நேரத்தில் தடுத்தபின் மீள்வதற்கு 4 பிரேம் (ஆட்டத்தின் நேரத்தை அளக்கும் ஒற்றைத் திரைக்காட்சி) கூடுதலாகும், தடுத்தாலும் ஸ்பெஷல் அடிகளில் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சுவரோரம் டிரைவ் இம்பாக்ட்டைத் தடுத்தால்கூட மயங்கி நிற்க வேண்டியதுதான்.

பர்ன்அவுட்டில் தோற்றபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. எங்கே அதிகமாகச் செலவழித்தேன் என்று கண் முன்னே தெரியும். கேஜைப் பார்த்து ஆடப் பழகியதும் பிரோன்ஸிலிருந்து கோல்டு வரை மளமளவென்று வந்துவிட்டேன்.

டிரைவ் இம்பாக்ட்டும் அப்படித்தான். ஆரம்பத்தில் அதைக் கண்டால் வெறுப்பாக இருக்கும். ஒரே பட்டன், நம் இரண்டு அடியைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்து அறைகிறது. ஆனால் அது வந்து விழ 26 பிரேம் ஆகும். நொடிக்கு 60 பிரேம் என்று வைத்துப் பார்த்தால் அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. அதைக் கண்டதும் நாமும் அதே பட்டனை அழுத்தினால் விழுவது எதிராளிதான். டிரெய்னிங் மோடில் எதிராளியாக நிற்கும் பொம்மையை எப்போதாவது அதைச் செய்யுமாறு பதிவு செய்துவிட்டு, நான் வேறு வேலையாகக் காம்போ (தொடர் அடி) அடித்துக்கொண்டே இருப்பேன். கை தானாகப் பழகியது. சில்வரில் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அந்தப் படி சீக்கிரம் முடிந்தது.

டிரெய்னிங் மோடைப் பற்றித் தனியாகவே எழுதலாம். திரையில் பிரேம் மீட்டர் ஓடும்: எந்த அடி எத்தனை பிரேமில் கிளம்புகிறது, முடிந்தபின் யார் முந்துகிறார் எல்லாம் நிறம் நிறமாகத் தெரியும். முன்பு இதற்காக யாரோ தொகுத்த அட்டவணைகளைத் தேடி அலைய வேண்டும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயில் நடுவிலேயே நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நாமே ஆடிப் பார்க்கும் வசதியையும் பிற்பாடு சேர்த்தார்கள். எனக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் அமைந்ததில்லை. கண் தெரியாதவர்கள் ஆடுவதற்கென எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை ஒலியாலேயே சொல்லும் அமைப்பும் உண்டு. அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். அடி விழுந்த வேகத்துக்கு உடனே திறந்துவிட்டேன், ஆனாலும் தூரம் உண்மையிலேயே காதுக்குப் பிடிபடுகிறது.

தனியாக ஆடும் கதைப் பகுதியான வேர்ல்ட் டூர் மோடைப் பாதியில் விட்டுவிட்டேன். தெருவில் போகிற யாரையும் சண்டைக்கு இழுக்கலாம், தலையில் அட்டைப்பெட்டி மாட்டிய ரௌடிகள் வருவார்கள், சிரிப்பாக இருக்கும். ஆனால் கதை சவசவ. இந்தியா என்றால் இன்றைக்கும் நெருப்பைக் கக்கும் யோகி டால்சிம்தான், அதைப் பற்றி என்ன சொல்வது.

இனி நெட். பழைய பெரிய வீட்டைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு பிரித்து, எங்கள் பங்குக்கு வந்த இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்)தான் இருக்கிறோம். மோடம் முகப்பில். இடையில் ஒரு வளவு (நடுமுற்றம்), செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள். வைஃபை வளவைத் தாண்டும்போதே மூச்சு வாங்கிவிடும். இந்த விளையாட்டில் எதிராளி கேபிளில் இருக்கிறாரா வைஃபையில் இருக்கிறாரா என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே குறியீடாகத் தெரியும். வைஃபை குறியைக் கண்டதும் பலர் ஆட்டத்தை மறுத்துவிடுவார்கள். நானும் மறுப்பேன். ஆகவே கேபிள் இழுத்தே தீர வேண்டும். அப்பத்தா ஒரே நிபந்தனைதான் போட்டார்: "தேக்குல ஒரு ஆணி இறங்குச்சு, உன் பெட்டியத் தூக்கித் தெருவுல வச்சிருவேன்." நிலைக்கதவு, உத்தரம், தூண் எதையும் தொடாமல் பழைய மின்சாரக் குழாயை ஒட்டியே தாழ்வாரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தோம். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேபிள் வந்தபின் ஆட்டமே வேறு. இதன் ரோல்பேக் முறை, எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை காத்திருக்காமல் அவர் என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தவறினால் சில பிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். இணைப்பு சீராக இருந்தால் அந்தத் திருத்தம் கண்ணுக்கே படாது. இந்தியாவில் எல்லா நேரமும் எதிராளி கிடைப்பதில்லை, இரவில் எனக்கு அமைவது பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியப் பக்கத்து ஆட்கள். எங்கள் வீட்டு ஐயாக்கள் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போன ஊர்கள்தான். அவர்கள் போய்ச் சேர நாள் கணக்கானது, எனக்கு மில்லி நொடிக் கணக்கு. கரண்ட் போய்விட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை, எதிரே இருப்பவர் நான் பாதியில் ஓடிவிட்டதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

"இதுல என்ன வரும்படி?" என்று அப்பத்தா ஒருநாள் கேட்டார். 2024இல் நடந்த, இந்த விளையாட்டின் பெரிய போட்டியான கேப்காம் கப் இறுதிப் போட்டியின் முதல் பரிசு 10 லட்சம் டாலர் என்றேன். ரூபாயில் எவ்வளவு என்று கேட்டு, மனக்கணக்குப் போட்டு, அதற்குப் பிறகு கேபிளைப் பற்றிப் பேசுவதில்லை.

சரி, கார்னருக்கு வருகிறேன். சுவரோரம் ஒருவர் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பல பாத்திரங்களுக்கு, நான் எழும்போது அதே இடத்தில் நின்று மறுபடியும் த்ரோ (பிடித்துத் தூக்கி எறிதல்) போட நேரம் சரியாக அமைந்துவிடுகிறது. த்ரோவை முறிக்க நானும் த்ரோ பட்டனை அழுத்தலாம். அதை எதிர்பார்த்து அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் என் கை காற்றைப் பிடிக்கும், அவர் முழுக் காம்போ அடிப்பார். தடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மறுபடி த்ரோ. பாரி (வரும் அடியைத் தட்டிவிடும் தடுப்பு) செய்தால், பாரியைத் த்ரோ உடைக்கும், அடியும் கூடுதலாக விழும். மேலெழும்பிக் குத்தும் ஓவர்டிரைவ் ஷோர்யூகென் போட்டால் இரண்டு கட்டம் செலவு, அவர் தடுத்துவிட்டால் பெரிய தண்டனை. 10000 உயிரில் ஒரு த்ரோ ஏறத்தாழ 1200 கொண்டுபோகும். மூன்று தரம் தொடர்ந்து தப்பாக ஊகித்தால் உயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

ரீப்ளே பார்த்தாலும் இங்கே பாடம் எதுவும் கிடைப்பதில்லை. ஏன் தோற்றேன்? அவர் த்ரோ போட்டார், நான் தடுத்தேன். அடுத்த தரம் தடுக்காமல் இருந்தால் அவர் அடித்திருப்பார். கார்னருக்குப் போகாமல் இருப்பதே வித்தை என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று கட்டம் செலவழித்தால் ஒரே காம்போவில் நடுத்திரையிலிருந்து சுவர்வரை தள்ளிக்கொண்டு போக வழி கொடுத்துவிட்டு அதைச் சொல்வது நியாயமா?

மாடர்ன் கண்ட்ரோலைப் பற்றி அண்ணன் மகனுக்கும் எனக்கும் தீராத வழக்கு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு திசையும் ஒரு பட்டனும் போதும், ஷோர்யூகென் வந்துவிடும். நான் முன், கீழ், கீழ்முன் என்று கட்டைவிரலை ஓட்டி முடிப்பதற்குள் அவன் என்னை வானத்திலேயே அடித்துவிடுகிறான். அப்படி ஒரே பட்டனில் வரும் ஸ்பெஷலுக்குச் சேதம் 80 சதவீதம்தான், சில சாதாரண அடிகளும் மாடர்னில் கிடையாது.

"அதான் இருபது சதவீதம் குறைச்சுட்டாங்கள்ல சித்தப்பா, அப்புறம் என்ன?"

"நான் குதிக்கவே முடியலையேடா."

"நீங்க ஏன் குதிக்கிறீங்க?"

அதற்குப் பதில் இல்லை. குதிப்பதைக் குறைத்த பிறகுதான் பிளாட்டினமே வந்தது. மாடர்னை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் அவன் என்னோடு உட்கார்ந்து ஆடியே இருக்க மாட்டான்.

பின்னால் வந்த பாத்திரங்களை வாங்காமல் டிரெய்னிங்கில் அவர்களை எதிர்த்துத் தாராளமாகப் பழக முடியாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறிது நேரம் இரவல் ஆட டிக்கெட் கொடுக்கிறார்கள்தான். ஆனால் ரேங்கில் நாளும் எதிரே வந்து அடிக்கிற ஆளின் வித்தையைக் காசு கொடுத்தால்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால் மனசு ஒப்பவில்லை. அகுமாவை மட்டும் வாங்கினேன், அவரிடம் வாங்கிய அடி அப்படி.

இப்போதைய பயிற்சி: பொம்மைக்கு மூன்று பதிவு வைத்திருக்கிறேன். ஒன்றில் த்ரோ, ஒன்றில் அடி, ஒன்றில் ஒரு எட்டுப் பின்வாங்கி அடிப்பது. மூன்றும் மாறி மாறித் தானாக வரும். எழுந்ததும் தடுத்துக்கொண்டே, ஓரிரு பிரேம் தாமதமாகத் த்ரோ பட்டனை அழுத்துவதுதான் பாடம். முதல் இரண்டையும் அது சமாளிக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் ஊகம்தான்.