ரப்பர் பாலும் கொடம்புளியும்: அறிவியல் ப்ராஜெக்டுக்குக் கேள்வி பிடித்த அனுபவம்

ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த அறிவியல் ப்ராஜெக்ட் மாவட்ட அளவிலேயே நின்றுபோனது. உழைப்பில் குறை இல்லை, சார்ட் எல்லாம் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதியதுதான். ஆனால் நடுவராக வந்திருந்த ஒரு அம்மா கேட்ட ஒரே கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. இப்போது நானே வேதியியல் ஆசிரியை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் "டீச்சர், ப்ராஜெக்டுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்க" என்று வந்து நிற்பார்கள். தலைப்பு வேண்டாம், கேள்வி கொண்டு வாருங்கள் என்பேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் விழிப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த நடுவரின் மேசைதான் ஞாபகம் வரும். அதனால் இதை எழுதுகிறேன், முக்கியமாக நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். மாமாவுக்கு ரப்பர் வெட்டு வேலை, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. விடியுமுன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், ஏனென்றால் வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறைவாகத்தான் வடியும். சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, அரித்து, தண்ணீர் சேர்த்து டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து வைத்தால் உறைந்துவிடும், அப்புறம் ரோலரில் போட்டு ஷீட் அடிக்க வேண்டியதுதான். அந்த ஆசிட் என்பது ஃபார்மிக் அமிலம். மாமாவின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு யோசனை வந்தது, ஆசிட்டுக்குப் பதில் அடுக்களையில் இருக்கிற புளிப்பை ஊற்றினால் என்ன? மீன் குழம்புக்குப் போடுகிற கொடம்புளி இருக்கிறது, சாதாரண புளி இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது. "ரப்பர் பாலை உறைய வைக்க இயற்கைப் புளிப்புகள் சிறந்தவையா?" இதுதான் எங்கள் தலைப்பு.

நாலு டம்ளரில் பால் எடுத்து நாலு விதப் புளிப்பை ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். சாயங்காலம் வந்து பார்த்தால் நாலுமே உறைந்திருந்தது. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இயற்கைப் புளிப்புகள் ஆசிட்டுக்கு மாற்று என்று முடிவெழுதி, படம் வரைந்து, மாவட்டப் போட்டிக்குப் போனோம்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எதுவுமே ஊற்றாம ஒரு டம்ளர் பால் வச்சிருந்தீங்களா மக்கா?" என்றார்.

இல்லை. வைக்கவில்லை. அவர் எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் சாக்குப் பையில் இருந்து ஒரு பிடி ஒட்டுப்பாலை எடுத்துக் காட்டி, "இத யாரு ஆசிட் ஊத்தி உறைய வச்சா?" என்று கேட்டார். சிரட்டையில் மிச்சம் நின்ற பால் தானாகவே உறைந்து ஒட்டிக் கிடப்பதுதான் ஒட்டுப்பால். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன், உருட்டிப் பந்தாக்கி விளையாடியிருக்கிறேன், ஆனால் டம்ளரில் ஊற்றிய பாலும் அதே பால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரப்பர் பாலில் உள்ள நுண்ணிய துகள்களுக்கு வெளியே புரதப் பூச்சு உண்டு, எல்லாத் துகளிலும் ஒரே வகை, அதாவது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் தணிந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சும்மா வைத்திருந்தாலும் சில மணி நேரத்தில் நுண்ணுயிரிகள் பாலுக்குள் பெருகி, அவையே அமிலத்தை உண்டாக்கிவிடும். அப்படியானால் சாயங்காலம் நாங்கள் பார்த்த நாலு டம்ளரும் கொடம்புளியால் உறைந்ததா, புளியால் உறைந்ததா, தானாக உறைந்ததா என்று சொல்ல வழியே இல்லை. எங்கள் சோதனை எப்படி நடந்திருந்தாலும் விடை "ஆம்" என்றுதான் வந்திருக்கும்.

இதுதான் விஷயம். எந்த விடை வந்தால் "இல்லை" என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே சொல்ல முடிந்தால்தான் அது சோதிக்கத் தகுந்த கேள்வி. இல்லையென்றால் அது ஒரு ஆசை, அல்லது ஒரு கட்டுரைத் தலைப்பு.

அடுத்த வருஷம் அதே பாலை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம், கேள்வியை மட்டும் மாற்றுவதற்கே ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. முதலில் "சிறந்தவை" என்ற சொல்லை வெட்டினோம். எதில் சிறந்தது? விலையிலா, வேகத்திலா, ஷீட்டின் உறுதியிலா? உறுதியை அளக்க எங்களிடம் கருவி இல்லை, ஆனால் கடிகாரம் இருந்தது, அதனால் நேரம் என்று முடிவு செய்தோம். அடுத்தது, எப்போது "உறைந்தது" என்று சொல்வது? நாலு பேரும் நாலு நேரம் சொன்னோம். கடைசியில் ஒருத்தி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி வந்து பாலில் நட்டாள், கையை விட்டால் சாய்ந்தது. சரி, ஈர்க்கு சாயாமல் தானாக நிற்கிற நேரம்தான் உறைந்த நேரம் என்று எழுதி வைத்தோம். எல்லா டம்ளரிலும் ஒரே நீளத்து ஈர்க்கு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை.

அப்புறம் புளிப்பு. போன வருஷம் கொடம்புளியைக் கெட்டியாகக் கரைத்திருந்தோம், எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தோம், அதை வைத்து எது வேகம் என்று ஒப்பிடுவது நியாயமே இல்லை. பலவிதப் புளிப்புகளை விட்டுவிட்டு கொடம்புளி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கரைசலைக் கெட்டியிலிருந்து நீர்த்தது வரை ஐந்து அளவில் வைத்தோம். ஊற்றுகிற கரைசலின் பி.எச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக் கூட இது குறையும்) முக்கியமா, கலந்த பிறகு பாலின் பி.எச் முக்கியமா என்று எங்கள் வேதியியல் சார் கேட்டபோது, கலந்த பிறகுதான் என்று எங்களுக்கே புரிந்தது. பி.எச் தாளைப் பாலில் தொட்டால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிறமே தெரியாது, தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஊறி வருகிற நிறத்தைப் பார்த்து எழுதினோம். எல்லா டம்ளருக்கும் ஒரே வாளிப் பால், ஒரே அளவு. புளிப்பு எதுவும் சேர்க்காத டம்ளர் ஒன்று. அதிலும் கொடம்புளித் தண்ணீருக்குச் சமமாக வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தோம், இல்லாவிட்டால் நீர்த்ததால் வந்த மாற்றமும் புளிப்பால் வந்த மாற்றமும் கலந்துபோகும். மூன்று வெவ்வேறு நாள் மறுபடி மறுபடி செய்தோம்.

கேள்வி இப்படி ஆனது: "கொடம்புளிக் கரைசல் சேர்த்து ரப்பர் பாலின் பி.எச்சைக் குறைக்கக் குறைக்க, அது உறைய எடுக்கும் நேரமும் குறைகிறதா?" கெட்டியான கரைசல்களில் ஆம். ரொம்ப நீர்த்த இரண்டிலும் வெறும் தண்ணீர் டம்ளருக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை, அதை அப்படியே எழுதினோம். மாமா இன்றைக்கும் ஆசிட்தான் ஊற்றுகிறார். கொடம்புளி விலைக்கு அது கட்டுமா என்பது வேறு கேள்வி, அதை நாங்கள் சோதிக்கவில்லை, சோதித்ததாகச் சொல்லவும் இல்லை. அந்த வருஷம் நடுவர்கள் எங்கள் மேசையில் நின்ற நேரத்தில் பாதிக்கு மேல் அந்த நீர்த்த இரண்டு டம்ளரைப் பற்றித்தான் பேசினார்கள்.

பிள்ளைகள் என்னிடம் கொண்டு வருகிற கேள்விகளில் சிலவற்றைச் சொல்கிறேன், எங்கே மாட்டுகிறது என்று பார்க்கலாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துப் பிள்ளைகள் வருஷம் தவறாமல் கேட்பது, "காற்றாலைகளால் மழை குறைகிறதா?" ஊரில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வருகிற கேள்வி, அதை மட்டமாக நினைக்கக் கூடாது. ஆனால் காற்றாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு மழையை அளக்க நம்மால் முடியுமா? மழை காற்றாலை இல்லாத ஊரிலும் ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். அதே ஆர்வத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது உண்டு. கணவாய் வழியாக வருகிற காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் ஆளைத் தள்ளும். நாலு கிண்ணம் வைத்த காற்றுமானியைக் கையாலேயே செய்து, ஆரல்வாய்மொழியில் ஒரு மொட்டை மாடி, நாகர்கோவிலில் ஒரு மொட்டை மாடி, ஒரே நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று ஒரு மாதம் எண்ணலாம். காலையைவிட மதியம் கூடுதலா, அந்த வித்தியாசம் இரண்டு ஊரிலும் ஒன்று போலவா? இதற்கு "இல்லை" என்றும் விடை வரலாம், வந்தாலும் எழுதலாம்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் கடற்கரை மணலைப் பற்றிக் கேட்பார்கள். மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது, அதனால் நோய் வருகிறதா என்று. மனசைத் தொடுகிற கேள்விதான், அக்கம்பக்கத்து வீடுகளின் கதை அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கானவர்களின் மருத்துவ விவரங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நோயைப் பற்றி விசாரிப்பதை நான் அனுமதிப்பதும் இல்லை. அதே மணலில் இல்மனைட், மேக்னடைட் என்ற இரும்பு கலந்த கனிமங்களும் உண்டு, இரண்டும் கறுப்பு. நல்ல வலுவான காந்தம் இரண்டையும் இழுக்கும். அலை தொடும் இடத்திலும், அதற்கு இருபது அடி மேலேயும் ஒரே அளவு மணல் எடுத்துக் காயவைத்து, காந்தத்தில் ஒட்டுகிற பங்கு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்துவிட்டு மணலை அங்கேயே கொட்டிவிடலாம். காந்தத்தை ஒரு பாலித்தீன் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய மணலை எடுக்கவே ஒரு நாள் போகும்.

தோவாளையிலிருந்து வந்த ஒரு பெண் "பிச்சிப்பூ வாடாமல் இருக்க எது சிறந்த வழி?" என்று கேட்டாள். வாடுவதை எப்படி அளப்பாய் என்றேன். நிறத்தைப் பார்த்து என்றாள். உனக்கும் எனக்கும் நிறம் ஒன்றாகவா தெரியும் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்து, எடை என்றாள். பூவிலிருந்து நீர் போகப் போக எடை குறையும் அல்லவா. வாழையிலையில் பொதிந்தது, பாலித்தீன் கவரில் வைத்தது, திறந்து வைத்தது, மூன்றிலும் ஒரே நாள் பறித்த மொட்டுகள் ஐம்பது கிராம் வீதம், இரண்டு மணிக்கொரு தடவை தராசு. அவளாகவே வந்து சேர்ந்த கேள்வி அது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எரிமலை மாதிரி, சோடாவும் வினிகரும் கலந்து நுரை பொங்க வைப்பதெல்லாம் செயல்விளக்கம். என்ன நடக்கும் என்று முன்பே தெரியும், சோதிக்க அங்கே எதுவும் இல்லை. வினிகரின் சூட்டை மாற்றினால் நுரை பொங்கி அடங்குகிற நேரம் மாறுகிறதா என்று கேட்டால் அதுவே கேள்வி ஆகிவிடும்.

போட்டி எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1993 முதல் நடக்கிற தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து காட்ட வேண்டும், அங்கே இந்த மாதிரிக் கேள்விகள்தான் எடுபடும். பள்ளிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு அனுப்புவது புதுமையான யோசனை, தேர்வானால் 10,000 ரூபாய் கிடைக்கும், அதன் கணக்கு வேறு. ஒன்றுக்குத் தயாரித்ததை அப்படியே இன்னொன்றுக்கு அனுப்பி ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பருவம். நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ரப்பர் பாலை வைத்துக் கேள்வி எடுத்துவிட்டு ஜூன், ஜூலையில் தொடங்கினால், வெட்டுக் கீறலில் மழைநீர் படாமல் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டாத தோட்டங்களில் மழை நாளில் வெட்டு இருக்காது, பால் கிடைக்காது. தை, மாசியில் இலை உதிர்ந்து நிற்கும்போதும் பால் குறைவு. கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், பொருள் கையில் கிடைக்கிற மாதம் எது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபார்மிக் அமிலத்தை மட்டும் பிள்ளைகள் தொடவே வேண்டாம், ஒப்பிட வேண்டும் என்றால் வினிகர் போதும்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: என்ன கேட்கிறேன், எதை எதனால் அளக்கப் போகிறேன், எந்த எண் வந்தால் என் எண்ணம் தப்பு. மூன்றாவது வரியை எழுத முடியாமல் பேனா நின்றால் கேள்வியை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிப் பாருங்கள். எழுதி முடித்ததும், முதல் டம்ளரில் பாலை ஊற்றும் முன்பே, அந்தப் பக்கத்தில் உங்கள் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.