ஏழாம் வசனம் வரை

வியாசர்பாடிப் பக்கம் ஒரு சபையில் பெண்கள் ஊழியம் பார்க்கிறேன். என் வேலையில் நான் அதிகம் ஆயத்தப்படுவது வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்குத்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்துவிட்டுப் பதினோரு மணிவாக்கில் வருவார்கள். சிலர் வீட்டுவேலை செய்யும் இடத்திலிருந்து நேராக வந்துவிடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் யாரும் எழுந்து கேள்வி கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள்.

ஜெபக் குறிப்பு சொல்லச் சொன்னால் முதலில் வருவது, "மனசுக்குச் சமாதானம் இல்லக்கா, ஜெபம் பண்ணுங்க" என்பதுதான். சமாதானம் ஏன் போனது என்பது மெதுவாகத்தான் தெரியவரும். பெரும்பாலும் கடன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து தையல் மெஷின், ஃபிரிட்ஜ், மெத்தை எல்லாம் வீணாய்ப் போயின. திரும்ப வாங்கக் குழுக் கடன், அந்தத் தவணையைக் கட்ட வட்டிக்கு வாங்கிய இன்னொரு கடன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியதும் உண்டு.

அதனால்தான் இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தை எடுத்தேன். எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து முறையிடும் விதவையின் கதை சபையில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருந்த ஒரே ஒரு குடம் எண்ணெயை ஊற்ற ஊற்ற, கேட்டு வாங்கிய பாத்திரங்களெல்லாம் நிறையும். பாத்திரங்கள் நிறைந்தன, எண்ணெய் நின்றது என்பதோடு சாட்சிகளில் முடித்துவிடுவோம். நாங்கள் ஒவ்வொரு வசனமாகப் போனோம்.

முதல் வசனத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டோம். இறந்துபோன அந்தக் கணவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்று வேதமே சொல்கிறது. ஆனாலும் கடன் வைத்துவிட்டுத்தான் போனான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். இதை வாசித்ததும் ஓர் அக்கா, "அப்போ நான் சரியா ஜெபிக்காததால இந்தக் கடன் வரலியா?" என்று கேட்டார். இத்தனை நாளும் அவரிடம் யாரோ அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கிற பெண்ணிடம் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்வதைப்போலக் கொடுமை வேறில்லை என்றே நினைக்கிறேன். அன்று பாடம் அதற்குமேல் நகரவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை எல்லாரும் கூட இருந்தோம்.

அடுத்த வாரம் எலிசாவின் கேள்வி. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்கிறான். அப்புறம் அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறான். அத்தனை வீட்டில் பாத்திரம் கேட்டால் எதற்கென்று கேட்காமலா இருப்பார்கள்? கஷ்டம் வீட்டுக்கு வெளியே வந்துதான் ஆக வேண்டும். கடைசியில், ஏழாம் வசனத்தில், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிழைக்கச் சொல்கிறான். அற்புதம் செய்தது கர்த்தர். ஆனால் எண்ணெயை விற்கும் வேலையும் கடனை அடைக்கும் வேலையும் அவள் கையில்தான் இருந்தன.

அன்று முடிவு ஜெபத்துக்குப் பிறகு ஒருவர் பையிலிருந்து தன் கடனின் தவணை அட்டையை எடுத்தார். அதைப் பார்த்து இன்னும் சிலர் எடுத்தார்கள். வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எந்தக் கடனை முதலில் அடைத்தால் வட்டி குறையும் என்று உட்கார்ந்து எழுதினோம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. வசூலுக்கு வருகிறவர்கள் ஒருத்தி வீட்டு வாசலில் சத்தம் போட்டால் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் போய் அந்தப் பெண்ணோடு நிற்பது என்று பெண்களே பேசி முடிவெடுத்தார்கள்.

அடி வாங்குகிற பெண் வந்தால் பொறுமையைப் பற்றிய வசனத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். ஜெபிக்கிறோம். பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கொடுக்கிறோம். அவர் விரும்பினால் மகளிர் காவல் நிலையம்வரை கூடப் போகிறோம். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாத்திரம் கடன் வாங்கச் சொன்னது தீர்க்கதரிசிதானே.

அடுத்து அன்னாளின் கதையை எடுக்கச் சொல்லிப் பெண்களே கேட்டிருக்கிறார்கள். குழந்தை இல்லாததற்காகப் பேச்சு வாங்கி, சாப்பிடாமல் அழுகிறவள். ஆலயத்தில் மனதுக்குள் ஜெபித்த அவளைக் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனே நினைத்துவிட்டான். ஊழியத்தில் இருக்கிறவளாக அந்த இடத்தை நான்தான் முதலில் நன்றாக வாசிக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க அந்த அதிகாரத்தோடுதான் இருக்கிறேன்.