போஸ்டருக்கு முன்னால் ஒலி

நேரடி இசை அரங்கம் தொடங்கப் போவதாகச் சொல்லி, விளம்பரத்துக்கு யோசனை கேட்கிறார்கள். முதலில் ஒலியைச் சரி செய்யுங்கள் என்பதுதான் என் பதில். பாடகரின் வார்த்தை கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டால், வந்தவரே அடுத்த முறை நான்கு பேரைக் கூட்டி வருவார்.

சாயங்காலம், நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சோதிக்கும் சவுண்ட் செக்கில், காலி அரங்கில் ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டு தட்டினால் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து காதைக் குத்தும். கூட்டம் நிறைந்த பிறகு அதே தட்டு அடங்கிவிடும். ஆட்களின் உடம்பும் உடையும் ஒலியை, முக்கியமாக உயர் அதிர்வெண்களை, உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் முதல் பாட்டு முடிவதற்குள் ஒலிப்பொறியாளர் மிக்ஸரில், அதாவது ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் கருவியில், எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டியிருக்கும். அவருடைய சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்!

சத்தம் கூடினால் உற்சாகம் கூடும் என்பதும் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வைத்த வரம்பு சராசரியாக 100 டெசிபல். என் அரங்கில் காதடைப்பான்கள் வாசலிலேயே இருக்கும்.

சரி, விளம்பரம். கதவு திறக்கும் நேரத்தையும் முதல் பாட்டு தொடங்கும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள், சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். பேனரை விட, ஒத்திகையில் எடுத்த அரை நிமிட வீடியோ அதிகம் பேரை இழுக்கிறது. அதைக் கலைஞர்களே தங்கள் பக்கத்தில் பகிர வேண்டும்.

அப்புறம், இசைக்கலைஞர்களுக்குப் பணத்தை அன்றைக்கு ராத்திரியே கொடுத்துவிடுங்கள், கேபிள் சுருட்டி முடிப்பதற்குள்.