ஒரு டாலர்

1993. வின்னிபெக் ஜெட்ஸ் அணி, பனி ஹாக்கி வீரர் கிரிஸ் டிரேப்பரை டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு விற்றது. விலை ஒரே ஒரு டாலர்.

எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை. மூன்று பருவங்களில் வெறும் 20 ஆட்டங்களே கொடுத்துவிட்டு, பையனிடம் சரக்கு இல்லை என்று எப்படி முடிவு கட்டினார்கள்? நாளிதழில் ஒரு மூலைச் செய்தியாக முடிந்துபோகிற பரிமாற்றம் அது. டெட்ராய்ட்டும் அவரை உடனே தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை, முதலில் கீழ்நிலை அணிக்குத்தான் அனுப்பியது.

பிறகு வந்தார். கோல் மழை பொழிகிறவர் அல்ல. எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை நிழல்போல் தொடர்ந்து, மூச்சுவிடாமல் தடுப்பதுதான் அவர் வேலை. கைதட்டல் குறைவாகக் கிடைக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலை. சக வீரர்கள் மால்ட்பி, மெக்கார்ட்டியோடு அவர் களமிறங்கிய அந்த மூவர் வரிசைக்கு 'அரைக்கும் வரிசை' என்றே பெயர்!

வட அமெரிக்கப் பனி ஹாக்கியின் உச்சப் பட்டமான ஸ்டான்லி கோப்பை, நான்கு முறை. தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருது, 2004இல். ரெட் விங்ஸுக்காக மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

2011இல் ஓய்வு பெற்றார், அதே டெட்ராய்ட் சட்டையில்.