அக்காவின் சிறுநீரகமும் என் காலை எட்டு மணியும்

அக்கா தன் இடது சிறுநீரகத்தை எனக்குக் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னால் நான் கேட்டு அறிந்தவையெல்லாம் அந்த ஒரு நாளைச் சுற்றியே இருந்தன. அறுவை அரங்கில் எத்தனை மணி நேரம் ஆகும், எப்போது கண் விழிப்பேன், டயாலிசிஸ் நின்றுவிடுமா என்பவைதாம் என் கேள்விகள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தவனுக்கு அதற்கு அப்பால் பார்க்கத் தோன்றவில்லை. வீடு திரும்பிய பிறகுதான், சில மணி நேரத்தில் பொருத்தப்பட்ட உறுப்பை ஆயுள் முழுதும் அன்றாடம் காப்பாற்றியாக வேண்டும் என்பது உறைத்தது. அந்த அன்றாட வேலையைப் பற்றியும், அதில் வீட்டார் எப்படித் துணை நிற்கலாம் என்பதைப் பற்றியும் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

புதிய சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை. பெரும்பாலும் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்பை ஒட்டிப் பொருத்துகிறார்கள். தொந்தரவு தராத பட்சத்தில் பழைய சிறுநீரகங்கள் இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு வலப்பக்கம். கையை வைத்தால் தோலுக்கு அடியில் ஒரு மேடாக அது தட்டுப்படும். அக்காவின் உடலில் இருந்து வந்ததுதான் என்றாலும் என் உடலைப் பொறுத்தவரை அது அந்நியப் பொருள். என் எதிர்ப்பாற்றல் அதை எந்த நாளும் உறவாக ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்பதால் இந்தச் சிக்கலே எழவில்லை. மற்ற அனைவருக்கும் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைக்கும் மருந்து வேண்டும். நான் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் 1984-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதனுடன் மைகோஃபீனோலேட்டும், சிறு அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்கின்றன. இந்த மூன்றும்தான் இன்று வரை என் சிறுநீரகத்துக்குக் காவல்.

டாக்ரோலிமஸை நான் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எடுத்துக்கொள்கிறேன். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும். மிகுந்தால் அந்த மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி குறுகலானது என்பதால்தான் 'லெவல்' என்று நாங்கள் சொல்லும் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்கிறார்கள். முந்தைய வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. முதல் மாதங்களில் ஒரு முறை பழக்கதோஷத்தால் வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போய் நின்றேன். மறுநாள் மீண்டும் போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து லெவல் பார்க்கும் நாளின் காலை மாத்திரையை மட்டும் முதல் நாள் இரவே தனிச் சிறு டப்பியில் போட்டு, பரிசோதனைக்கு எடுத்துச் செல்லும் பையில் வைத்துவிடுகிறோம். ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடியே அங்கேயே விழுங்குவேன்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு பெரிய தவறு நடந்தது. இரண்டாம் ஆண்டில் தொண்டை வலிக்காக வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மருத்துவர் ஒருவரிடம் போனேன். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவன் என்று சொன்னேன். என்னென்ன மருந்து எடுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் பட்டியலை நீட்டவில்லை. கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வங்கிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து கோணலாக ஓடுவதை எதிரே இருந்த மனைவி பார்த்தாள். "கையை நீட்டுங்க" என்றாள். நீட்டிய விரல்கள், பிடித்து நிறுத்த முடியாதபடி நடுங்கின. மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு உடனே தொலைபேசியில் பேசியவளும் அவள்தான். என் டாக்ரோலிமஸ் அளவு 5-க்கும் 8-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று மருத்துவர் வகுத்திருந்தார். அன்று அது 19. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின், வழக்கமாக 1.2 இருப்பது, 1.9 ஆகியிருந்தது. டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் நொதியின் வேலையைக் கிளாரித்ரோமைசின் தடுத்துவிடுவதால், வழக்கமான அளவையே விழுங்கினாலும் மருந்து உடலில் தேங்கிக்கொண்டே போகிறது. கிளாரித்ரோமைசினை நிறுத்தி, டாக்ரோலிமஸை மருத்துவர் சொன்னபடி குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பரிசோதித்ததில் இரண்டு வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. அந்த இரண்டு வாரமும் அக்காவிடம் பேசும்போதெல்லாம் என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

அதற்குப் பிறகு, மாற்று சிகிச்சைப் பிரிவைக் கேட்காமல் புதிதாக எந்த மாத்திரையும் வாயில் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் அளவை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் அளவை இறக்கி, சிறுநீரகத்தைக் காவலில்லாமல் விட்டுவிடும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தையே குறைப்பவை. கிரேப்ஃபுரூட், பம்ப்ளிமாஸ் ஆகிய பழங்களுக்கும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றும் குணம் உண்டு. மூலிகை என்பதால் கெடுதல் இல்லை என்று அன்போடு பொடியும் கஷாயமும் கொண்டுவந்து கொடுத்தவர்களை மறுப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்று சொல்லிக் கொடுக்கப்படும் எதுவும், எதிர்ப்பாற்றலைத் தணித்து வாழ வேண்டிய எனக்கு எதிராகவே வேலை செய்யக்கூடும் என்பதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. இப்போது என் மருந்துகளின் பெயர், அளவு, மாற்று சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது.

தொற்றைப் பற்றிய பயம் முதல் ஆறு மாதங்களில் மிக அதிகம், ஏனெனில் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளின் அளவும் அப்போதுதான் அதிகம். நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும், சைட்டோமெகலோ வைரஸைத் தடுக்க வால்கான்சிக்ளோவிரும் அந்தக் காலத்தில் கூடுதலாகக் கொடுத்தார்கள். சளி, இருமல் உள்ளவர்கள் குணமான பிறகு வரட்டும் என்று சொல்ல நான் கூச்சப்பட்டேன், மனைவி கூச்சப்படவில்லை. வீட்டில் உள்ள அனைவரும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் அது உண்டு. ஆனால் தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகள் இருப்பதால் அவை எனக்குப் பொதுவாக விலக்கப்பட்டவை. மாற்று சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்கள், தேவையான தடுப்பூசிகளை எல்லாம் முன்கூட்டியே போட்டுக்கொள்ள முடியுமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நான்காம் மாதத்தில் ஒரு நள்ளிரவு உடல் லேசாகச் சுட்டது. வெப்பமானி 38.1 டிகிரி செல்சியஸ் காட்டியது. முன்பெல்லாம் அந்தக் காய்ச்சலுக்குப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பேன், அன்றும் விடியட்டும் என்றுதான் சொன்னேன். 38-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. மனைவி அதைச் சுட்டிக்காட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் உள்ள அளவுக்கு வெளியே தெரியாது என்று அங்கேதான் விளக்கினார்கள். இன்றும் நாள்தோறும் எடை, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் மூன்றையும் நோட்டில் குறிக்கிறேன். ஓரிரு நாளில் எடை திடீரென்று ஏறுவது, கால் வீங்குவது, சிறுநீர் குறைவது, சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலிப்பது ஆகியவை, உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுத்துத் தாக்கும் ரிஜெக்‌ஷனின் அடையாளமாக இருக்கலாம். சில நேரம் எந்த அடையாளமும் இல்லாமல் கிரியேட்டினின் மட்டும் ஏறும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

துணை நிற்பதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். முதல் ஓராண்டு மனைவிதான் மாத்திரைகளைப் பிரித்து அடுக்கினாள், நேரம் வந்ததும் தண்ணீரோடு வந்து நின்றாள், மருத்துவரிடம் அவளே பேசினாள். என் மருந்தின் அளவை யாராவது கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் ஒரு முறை மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தபோது, இரண்டாம் நாள் இரவு மாத்திரையை மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது அதிகாலை. இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்ததால், தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்தேன். அவள் திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை நானே பெட்டியில் அடுக்குகிறேன். எனக்கு எதிரே அமர்ந்து அவள் சீட்டைப் பார்த்துச் சரிபார்க்கிறாள். இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்குமே மூச்சுவிட இடம் கொடுத்தது. நோயாளியைக் குழந்தையாக்கிவிடும் அன்பால் நோயாளிக்கும் நன்மை இல்லை, அதைச் சுமப்பவரும் சோர்ந்துபோவார் என்றே நான் கருதுகிறேன். ஸ்டீராய்டின் அளவு கூடுதலாக இருந்த நாட்களில் தூக்கமின்றிக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அது மருந்தாலும் வரக்கூடியது என்று முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் பல கண்ணீரைத் தவிர்த்திருக்கலாம்.

நாட்பட நாட்பட, கவனிக்க வேண்டியவை மாறுகின்றன. இந்த மருந்துகளால் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுவதால் வெயிலில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிகிறேன், ஆண்டுக்கு ஒரு முறை தோல் மருத்துவரிடம் காட்டுகிறேன். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரை நோயைக் கொண்டுவரக்கூடியவை. என் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. நாள்தோறும் நடக்கத் தொடங்கிய பிறகு இறங்கியது. முதல் சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததை, ஆயுளுக்கும் உடலை அசைக்கக் கூடாது என்பதாக நானே விரித்துக்கொண்டிருந்தேன். உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டிகள் 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கி நடந்துவருகின்றன என்பதை அறிந்த பிறகுதான் அந்தத் தயக்கம் விட்டது.

இத்தனையிலும் நாங்கள் அனைவரும் ஒருவரை மறந்திருந்தோம். உறுப்பைக் கொடுத்தவருக்கு, மிச்சமுள்ள ஒரு சிறுநீரகம் சற்றுப் பெருத்து இரண்டின் வேலையையும் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை அவரும் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். அக்கா மூன்று ஆண்டுகள் போகவே இல்லை. கேட்டபோதெல்லாம், "எனக்கென்னடா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். நான்காம் ஆண்டில் என் லெவல் பரிசோதனை நாளிலேயே அவளுக்கும் முன்பதிவு செய்து, வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். ரத்த அழுத்தம் கூடியிருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் இருவரும் ஒன்றாகப் போகிறோம். சென்ற முறை செவிலியர் அக்காவின் பெயரை முதலில் அழைத்தார். அவள் எழுந்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல அவனுக்கு எடுத்துடுங்கம்மா, எட்டு மணி ஆகுது, மாத்திரை போடணும்" என்றாள்.