தலையணையோடு சிரிப்பது

14 ஒக்டோபர், செவ்வாய்

வயிற்றுத் தையல் நோகாமலிருக்க, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும் என்று வாட்டுத் தாதி மிஸ் அப்பாவுக்குச் செய்து காட்டினார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "சிரிப்பு வந்தா?" என்று அப்பா கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அதற்கும் தலையணைதானாம். மிஸ்ஸின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

15 புதன்

ரிப்போர்ட் வரவில்லை.

16 வியாழன்

பின்னேரம் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. முழுவதும் வாசிக்க நேரம் போதாது, அப்பாவுக்கும் களைப்பு. பிள்ளை கடவுளிடம் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிற இடத்தை மட்டும் எடுத்தேன். யாருடைய ஜீவியம் என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். அப்பாவின் கை தலையணைக்குப் போய்விட்டது. முகம் நோவில் கோணிற்று, வாய் மட்டும் சிரித்தது. எனக்குப் பயமாகப் போயிற்று, புத்தகத்தை மூடினேன். "ஏன் நிப்பாட்டினனீ? வாசி."

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. அந்த இடத்தில் பகிடி விடுகிறவர் யார்? பிள்ளை பகிடி விடவில்லை. பத்திரிகை நடத்துகிற மனுசன், சந்தா சேர்க்கிறார். கடவுளும் பகிடி விடவில்லை. காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டிய நியாயமான சந்தேகம் அது, அவருடைய நிலையில் இன்னும் நியாயம். இரண்டு பேரும் காரியத்தில் கண்ணாக இருக்கிறார்கள். யாராவது ஒருவர் லேசாகப் புன்னகைத்தார் என்று எழுதியிருந்தால் எல்லாம் போயிருக்கும். இப்போது வருகிற நகைச்சுவைத் துணுக்குகளில் எழுதுகிறவரே முதல் ஆளாகச் சிரித்துவிடுகிறார், நமக்கு மிச்சம் வைப்பதில்லை.

ஜீவியம் என்பது வேறு ஊர்க்காரருக்குப் பழைய சொல்லாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அம்மம்மா குசினியில் நின்று "இதென்ன சீவியம்" என்று நாளுக்கு நாலு தரம் சொல்லுவா. அப்பாவுக்கு அது சிரித்திரன் சொல். 'சிரிப்பே சீவியம்.' கார்ட்டூனிஸ்ட் சுந்தர் 1963இல் இங்கே கொழும்பில் தொடங்கிய நகைச்சுவைப் பத்திரிகை. சலூனில் முடிவெட்டக் காத்திருந்து வாசித்ததாம். அதன் கார்ட்டூன் பாத்திரம் சவாரித் தம்பர் எப்படி நிற்பார் என்று படுத்தபடியே தோளை உயர்த்திக் காட்டப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

17 வெள்ளி

மாமா வந்தார். "இடுக்கண் வருங்கால் நகுக" என்றார். வயிற்றில் அத்தனை தையலோடு கிடக்கிற ஆளிடம்.

18 சனி

மாமா வந்ததை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை முக்கால் பக்கம். 'நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர் எப்படி நடந்துகொண்டார் தெரியுமா' என்று தொடக்கம். நடுவில் 'வேடிக்கை என்னவென்றால்' வேறு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையணை அசையவில்லை. "வேடிக்கை எண்டு நீ சொல்லக்கூடாது பிள்ளை. அது என்ர வேலை."

வெட்டி வெட்டி இரவு பதினொரு மணிக்கு இவ்வளவுதான் மிஞ்சியது:

மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துப் போட்டார். தோடம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாரியில் எங்கே தொடங்கிக் கால் வழியாக எங்கே இறங்குகிறது என்று ஒன்றரை மணித்தியாலம் விளக்கினார், தன்னுடைய நோவை. போகும்போது பையை எடுத்துக்கொண்டு போனார்.

'தன்னுடைய நோவை' என்பதை எங்கே வைப்பது என்று மட்டும் ஒரு மணித்தியாலம் போயிற்று. முன்னால் வைத்தால் மாமா சுயநலக்காரர் என்ற செய்திதான் வருகிறது. கடைசியில் வைத்தால் அதுவரை அப்பாவின் நோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பிக்கொண்டு வருகிறோம். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காருவது வழக்கம். அந்த இடத்தில் வேறொன்று வந்தால் காது திரும்புகிறது. பை சரியா என்று தெரியவில்லை. உண்மையில் அவர் பையை வைத்துவிட்டுத்தான் போனார். பழத்தை நான்தான் தின்றேன்.

19 ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு பிந்தியது. அப்பா காளமேகத்தைத் தொடங்கினார், நாகப்பட்டினத்துச் சத்திரம். பொழுது படும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போட ஊரடங்கும், ஓர் அகப்பை சோறு இலையில் விழ வெள்ளி முளைக்கும். சோறு பிந்துகிறது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. குற்றமும் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகிறார், பொலிஸ்காரர் முறைப்பாடு எழுதுவது மாதிரி. பசித்த வயிறு இவ்வளவு நிதானமாக எழுதியதுதான் சிரிப்பு. அப்பா பாட்டை முடிக்கவும் சாப்பாட்டு வண்டி வரவும் சரியாக இருந்தது. மிஸ் என்னவென்று கேட்டார். பாட்டை மொழிபெயர்க்க முயன்றேன், சிங்களத்தில் அது வெறும் நேரசூசியாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மாமாவின் பையை எடுத்துவிட்டேன். 'தன்னுடைய நோவை'யோடு நிற்கட்டும்.

20 திங்கள்

தீபாவளி. ரிப்போர்ட் பகுதி பூட்டு. கோல் ரோட்டில் நூறாம் நம்பர் பஸ்கூடக் காலியாகப் போனது.

21 செவ்வாய்

இன்று வாசிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. டொக்டர் இரண்டு தரம் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு தரம் என்றால் பரவாயில்லை. ஏன் இரண்டு தரம்? அம்மாவுக்குச் சொல்லவில்லை. மழை, பஸ் முழுக்க ஈரக்குடை மணம். மாமாவைப் பற்றி எழுதியதை எடுத்துப் பார்த்தால் ஒரு சொல்லும் சிரிக்கும்படி இல்லை. பாவம், அவருக்கு உண்மையிலேயே நாரி நோவு.

22 புதன்

பேப்பர்க்காரர் காலையில் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். அடுத்த வருசத்துக்கும் சேர்த்துச் சந்தா கட்டினால் குறைவாம், கட்டவா?

"மாசத்துக்குக் கட்டு."

முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தலையணையைப் பார்த்தேன். கை ஏற்கெனவே அதன் மேல்தான் இருந்தது, எப்போது வைத்தார் என்று கவனிக்கவில்லை.

வருசத்துக்கே கட்டிவிட்டேன். சொல்லவில்லை.

23 வியாழன்

பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. பையில் மாமா இருக்கிறார், நாலு வரியில். பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கிறது. முன் சீட்டு அம்மா கண்டக்டரிடம் மிச்சக் காசு